பாய்மரமும் மூன்று கம்பிகளும்

கல்லூரியில் பல ஆண்டுகளாக விசைகளின் இணைகர விதியை நடத்தி வருகிறவன் நான். ஆனால் அந்த விதியை நான் சரியாகப் படித்த இடம் வகுப்பறை அன்று. ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலை, மிதவைச் சட்டையுடன் தண்ணீரில் மல்லாந்து மிதந்தபடி, அதைப் படித்தேன்.

என் பழைய மாணவர் ஒருவர் பாய்ப்படகு விடுவதில் கெட்டிக்காரர். அவர் வற்புறுத்தியதால் நானும் பழகிக்கொண்டிருந்தேன். அன்று பாய்மரத்தை நிறுத்திக் கம்பிகளை மாட்டும் பொறுப்பு என்னுடையது. மாட்டினேன். படகு துறைமுகச் சுவருக்கு உள்ளே அழகாக ஓடியது. நாங்கள் இருவரும் படகின் ஒரு விளிம்பில் உட்கார்ந்து, உடலை வெளியே சாய்த்து, காற்றுக்கு ஈடு கொடுத்துக்கொண்டிருந்தோம். மறுபக்கத்துக் கம்பி தொளதொளவென்று ஆடிக்கொண்டிருந்ததை நான் பார்த்தேன். "அந்தப் பக்கந்தான் வேலையே இல்லையே, ஆடினால் ஆடட்டும்" என்று நினைத்துக்கொண்டேன். கால் மணி நேரம் கழித்துப் படகைத் திருப்பினோம். பாய் மறுபக்கம் மாறியது. நாங்களும் எதிர்விளிம்புக்கு மாறி உடலைச் சாய்த்தோம். 'டங்' என்று ஓர் ஓசை. பாய்மரம் பாயோடு நீரில் விழுந்தது. எங்களைத் தாங்கி நின்ற எதிர்விசை அந்தக் கணமே மறைந்துவிட்டதால் நாங்கள் பின்புறமாகத் தண்ணீரில் விழுந்தோம்.

அடிபடவில்லை. துணைப்படகு வந்து இழுத்துச் சென்றது. "கம்பி அறுந்துவிட்டதா?" என்று கேட்டேன். மாணவர் கம்பியின் நுனியைத் தூக்கிக் காட்டினார். கம்பி முழுசாக இருந்தது. "கம்பி அறுகலை சார், பின் கழன்றுவிட்டது" என்றார்.

அது ஏன் கழன்றது? வேலை செய்யும் கம்பியை விட்டுவிட்டு, வேலையில்லாத கம்பியின் பின் ஏன் கழன்றது? இந்தக் கேள்விக்கு விடை காண நாம் மொட்டை மாடியிலிருந்து தொடங்க வேண்டும்.

கொடியும் ஈரப் போர்வையும்

துணி காயப்போடும் கொடியை நீங்கள் கட்டியிருப்பீர்கள். இரண்டு கம்பங்களுக்கு இடையே 6 மீட்டர் தூரம் என்று கொள்வோம். நடுவில் 2 கிலோகிராம் எடையுள்ள ஈரப் போர்வையைத் தொங்கவிடுகிறீர்கள். கொடி நடுவில் 10 செ.மீ. மட்டும் தொய்கிறது. கயிற்றில் இழுவிசை எவ்வளவு இருக்கும்? ஆளுக்கு ஒரு கிலோவாக இரண்டு பக்கமும் பகிர்ந்துகொள்ளும் என்று பலரும் சொல்வார்கள்.

கணக்கைப் பாருங்கள். போர்வையின் எடை 20 நியூட்டன். அதைத் தாங்குவது இரண்டு பக்கக் கயிறுகளின் செங்குத்துக் கூறுகள் மட்டுமே. கயிறு கிடைமட்டத்தோடு செய்யும் கோணத்தின் சைன் மதிப்பு 10/300, அதாவது 1/30. ஆகவே ஒரு பக்கத்துக் கயிற்றின் இழுவிசை 10 × 30 = 300 நியூட்டன். இது 30 கிலோகிராம் எடைக்குச் சமம்! கொடியை இன்னும் விறைப்பாகக் கட்டினால் இழுவிசை இன்னும் ஏறும். கொடி கட்டிய ஆணி சுவரிலிருந்து பிடுங்கிக்கொண்டு வருவதற்குப் போர்வையைத் திட்டிப் பயனில்லை. கோணந்தான் காரணம்.

இதை மனத்தில் வைத்துக்கொண்டு படகுக்கு வருவோம்.

மூன்று கம்பிகள்

இந்தியப் படகுக் கழகங்களில் காணப்படும் சிறு பாய்ப்படகுகளில் ஒன்று என்டர்பிரைஸ். இங்கிலாந்தின் ஜாக் ஹோல்ட் என்பவர் 1956இல் வடிவமைத்தது. நீளம் 4 மீட்டர் சொச்சம், அகலம் 1.6 மீட்டர், இருவர் ஓட்டுவது. நீலநிறப் பாயைக் கொண்டு இதைத் தூரத்திலிருந்தே அடையாளம் காணலாம். இத்தகைய படகு ஒன்றையே நம் கணக்குக்கு எடுத்துக்கொள்வோம். எண்களை மட்டும் வசதிக்காகச் சற்று முழுமையாக்கிக்கொள்கிறேன்.

பாய்மரம் ஓர் அலுமினியக் குழாய். உயரம் ஆறு மீட்டர். அதன் அடி, படகின் நடுக்கோட்டில் ஒரு சிறு பள்ளத்தில் உட்கார்ந்திருக்கிறது, அவ்வளவுதான். தெருவிளக்குக் கம்பத்தைப் போல அது நடப்பட்டதன்று. கையை விட்டால் விழுந்துவிடும். அதை நிறுத்தி வைப்பவை மூன்று கம்பிகள். பாய்மரத்தில் 4.8 மீட்டர் உயரத்திலிருந்து ஒன்று படகின் முன்முனைக்கு, நம் மீனவர்கள் சொல்லும் அணியத்துக்கு, வருகிறது. இதை முன்கம்பி என்போம். மற்ற இரண்டும் இரு விளிம்புகளுக்கு இறங்குகின்றன. இவை பக்கக் கம்பிகள். படகுக்காரர்கள் 'ஷ்ரவுட்' என்பார்கள். பின்புறம், அதாவது அமரத்துக்கு, தனிக் கம்பி கிடையாது. பக்கக் கம்பிகளின் கால்களைப் பாய்மரத்துக்குச் சற்றுப் பின்னால் தள்ளிப் பொருத்தியிருப்பதால் அவையே பின்பக்கமும் இழுத்துக்கொள்கின்றன. மூன்று கால்களை உடைய முக்காலி ஆடாது என்று படித்திருக்கிறீர்கள் அல்லவா? இது கம்பியால் செய்த முக்காலி. ஒரு வேறுபாடு உண்டு. கம்பிக்கு இழுக்கத் தெரியும், தள்ளத் தெரியாது. இதை மறந்துவிடாதீர்கள். இன்றைய பாடம் முழுவதும் இந்த ஒரு வாக்கியத்திலிருந்து பிறப்பதுதான்.

இனி, பக்கக் கம்பியின் சாய்வைக் கவனியுங்கள். மேலே உயரம் 4.8 மீட்டர், கீழே பாய்மரத்திலிருந்து விளிம்புக்குத் தூரம் 0.7 மீட்டர். பாய்மரத்தோடு கம்பி செய்யும் கோணம் 8 பாகைக்குச் சற்றே அதிகம். கொடிக்கயிற்றின் கதைதான். பாய்மரத்தைப் பக்கவாட்டில் 1 கிலோ விசையோடு பிடிக்க வேண்டுமானால் கம்பி ஏறக்குறைய 7 கிலோ விசையோடு இழுக்க வேண்டும்.

காற்று எவ்வளவு தள்ளும்?

"காற்று எவ்வளவு வேகமாக அடிக்கும் என்று தெரியாமல் எப்படிக் கணக்கிடுவது?" என்று நீங்கள் கேட்கலாம். இங்கேதான் எனக்கு மிகவும் பிடித்த செய்தி இருக்கிறது. கம்பியின் பாரத்தை முடிவு செய்வது காற்றன்று; ஓட்டுகிறவர்களின் உடல் எடை!

எப்படி என்று பாருங்கள். பாயின் மேல் காற்று பக்கவாட்டில் தள்ளுகிறது. படகின் அடியில் நீருக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் நடுப்பலகையை நீர் எதிர்ப்பக்கம் தள்ளுகிறது. இவ்விரண்டும் சேர்ந்த இரட்டை படகைச் சாய்க்கப் பார்க்கிறது. அதை நிமிர்த்துவது விளிம்பில் உட்கார்ந்திருக்கும் இருவரின் எடை. இருவரும் சேர்ந்து 110 கிலோகிராம்; எடை 1,100 நியூட்டன். அவர்களின் ஈர்ப்பு மையம் நடுக்கோட்டிலிருந்து 0.9 மீட்டர் வெளியே. நிமிர்த்தும் திருப்புத்திறன் 1,100 × 0.9 = 990 நியூட்டன் மீட்டர். இதற்குமேல் அவர்களிடம் கையிருப்பு இல்லை. காற்று இதைவிட அதிகமாகத் தள்ளினால் படகு சாயும். சாய்ந்தால் பாய் காற்றைச் சிந்திவிடும். அல்லது ஓட்டுபவர் பாயின் கயிற்றைத் தளர்த்துவார். எதுவும் செய்யாவிட்டால் கவிழும். ஆகவே, படகு நிமிர்ந்து ஓடும் வரையில் கம்பிக்கு வரும் பாரத்துக்கு ஓர் உச்சவரம்பு உண்டு. அலை வந்து உலுக்கும்போது ஏற்படும் திடீர் அதிர்ச்சிகள் தனிக்கணக்கு.

பாயின் விசை செயல்படும் புள்ளிக்கும் நடுப்பலகையின் விசைக்கும் இடையே 2.8 மீட்டர் என்றால், பாயின் பக்கவிசை 990 / 2.8, ஏறக்குறைய 350 நியூட்டன். அந்தப் புள்ளி பாய்மரத்தின் அடியிலிருந்து 2.3 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. பாய்மரத்தின் அடியைக் கீலாகக் கருதித் திருப்புத்திறன் எடுத்தால் 350 × 2.3 = 805 நியூட்டன் மீட்டர். இதைச் சமன் செய்ய வேண்டியது, அடியிலிருந்து 0.69 மீட்டர் செங்குத்துத் தூரத்தில் செல்லும் கம்பி. விடை 1,170 நியூட்டன் வரும். நீங்களும் போட்டுப் பாருங்கள். சுமார் 117 கிலோகிராம் எடை. பாய் தள்ளுவது 35 கிலோ, கம்பி இழுப்பது 117 கிலோ!

வேலையில்லாத கம்பியின் வேலை

இப்போது இரண்டு பக்கக் கம்பிகளையும் தளர்வாக, இழுவிசை சிறிதும் இல்லாமல் மாட்டியிருக்கிறோம் என்று வைத்துக்கொள்வோம். நான் செய்தது அதுதான். காற்று வரும் பக்கத்துக் கம்பி தனியாளாக 1,170 நியூட்டனையும் தாங்குகிறது. தாங்கும்போது நீள்கிறது. பாய்மரம் மறுபக்கம் சாய்கிறது. சாய்ந்ததும் காற்று போகும் பக்கத்துக் கம்பி இன்னும் தொய்கிறது. தள்ளத் தெரியாத கம்பி ஆதலால் அதனால் எந்த உதவியும் இல்லை.

அதையே வேறு விதமாகச் செய்வோம். கரையில் இருக்கும்போதே இரண்டு கம்பிகளையும் தலா 600 நியூட்டன் இழுவிசை இருக்கும்படி இறுக்கிவிடுகிறோம். காற்று இல்லாதபோது இரண்டும் சமமாக இழுப்பதால் பாய்மரம் நடுவில் நிற்கிறது. காற்று தள்ளுகிறது. பாய்மரம் சிறிது நகர்கிறது. ஒரு கம்பி நீள்கிறது, அதன் இழுவிசை கூடுகிறது. அதே அளவு மறுகம்பி சுருங்குகிறது, அதன் இழுவிசை குறைகிறது. ஒன்று கூடுவதும் மற்றொன்று குறைவதும் பாய்மரத்துக்கு ஒரே பலனைத்தான் தரும். கயிறு இழுக்கும் போட்டியில் நம் பக்கம் ஓர் ஆள் சேர்ந்தாலும், எதிர்ப்பக்கம் ஓர் ஆள் விலகினாலும் நமக்கு ஒன்றே அல்லவா? தேவையான 1,170 நியூட்டன் வித்தியாசத்தில் பாதி, 585, இங்கே கூடுகிறது. பாதி அங்கே குறைகிறது. ஒரு கம்பி 1,185, மற்றது 15. இன்னும் தொய்யவில்லை!

பாய்மரம் நகர்ந்த தூரமோ முன்பிருந்ததில் பாதி. புதிதாக எதையும் சேர்க்கவில்லை. கம்பியைப் பருமனாக்கவில்லை. இருந்தும் பாய்மரம் இருமடங்கு உறுதியாக நிற்கிறது. தள்ளத் தெரியாத கம்பியை, முன்கூட்டி இழுத்து வைத்ததன் மூலம், தள்ளத் தெரிந்ததுபோல் நடிக்க வைத்துவிட்டோம்.

இந்தத் தந்திரத்தை நீங்கள் தினமும் மிதித்துக்கொண்டு போகிறீர்கள். சைக்கிள் சக்கரத்தின் ஆரக்கம்பிகள் அத்தனை மெல்லியவை; அமுக்கினால் வளைந்துவிடும். ஆனால் அவை எல்லாம் முன்கூட்டி இறுக்கப்பட்டவை. நீங்கள் ஏறி உட்கார்ந்ததும் அச்சுக்குக் கீழே தரையை நோக்கி உள்ள ஆரங்களின் இழுவிசை குறைகிறது. முற்றும் தொய்யாத வரையில் சக்கரம் உறுதியாக இருக்கும். ஆரம் தொளதொளத்த சைக்கிளைக் கடைக்காரர் ஏன் உடனே இறுக்கச் சொல்கிறார் என்பது இப்போது புரியும்.

என் பின் கழன்ற கதையும் இங்கேயே விளங்கிவிடுகிறது. பக்கக் கம்பியின் கீழ்நுனி, ஒரு தகட்டில் குறுக்காகச் செருகிய விரல்நீளம்கூட இல்லாத ஓர் எஃகுப் பின்னால் பிணைக்கப்பட்டிருக்கும். பின் நழுவாமல் இருக்க அதன் நுனித் துளையில் சாவிக்கொத்து வளையம் போன்ற சிறு வளையம் ஒன்றைக் கோத்து, மேலே பசைநாடா சுற்ற வேண்டும். நான் வளையத்தை அரைகுறையாகக் கோத்தேன். நாடா சுற்றவே இல்லை. கம்பி விறைப்பாக இருந்திருந்தால் உராய்வே பின்னை இறுகப் பிடித்திருக்கும். தொய்ந்த கம்பியோ ஒவ்வோர் அலைக்கும் துள்ளித் துள்ளி விழுந்தது. வளையம் எதிலோ சிக்கி வெளியே வந்திருக்க வேண்டும்; பின் மெல்ல மெல்ல நகர்ந்திருக்க வேண்டும். அந்தப் பக்கம் பாரமே இல்லாததால் யாருக்கும் தெரியவில்லை. படகைத் திருப்பியதும் அதே கம்பி காற்று வரும் பக்கத்துக் கம்பியாகிவிட்டது. 1,170 நியூட்டனைத் தாங்க வேண்டிய நேரத்தில் அங்கே பின்னே இல்லை.

எவ்வளவு இறுக்கலாம்?

600 நியூட்டன் போதுமானால் 2,000 வைத்தால் இன்னும் நல்லதுதானே என்று தோன்றும். கூடாது. கம்பிகள் பாய்மரத்தை நிறுத்துவதோடு கீழ்நோக்கி அழுத்தவும் செய்கின்றன. இரண்டு பக்கக் கம்பிகள் 600 வீதம், அவற்றைச் சமன் செய்யும் முன்கம்பி ஏறத்தாழ 280. இவற்றின் செங்குத்துக் கூறுகளைக் கூட்டினால் 1,450 நியூட்டனுக்கு மேல் வரும். காற்றே அடிக்காத கரையில், பாய்மரத்தின் உச்சியில் இரண்டு பெரிய ஆட்கள் ஏறி உட்கார்ந்ததற்குச் சமம் இது! ஒல்லியான குழாயை நெடுக அழுத்தினால் ஓர் அளவுக்கு மேல் அது பக்கவாட்டில் வளைந்து மடியும். ஒரு பிளாஸ்டிக் அளவுகோலை மேசைமேல் நிறுத்தி உச்சியை அழுத்திப் பாருங்கள். போதாக்குறைக்கு, கம்பிகள் படகின் விளிம்புகளை மேலே இழுக்க, பாய்மரம் அடித்தளத்தைக் கீழே குத்துகிறது. பழைய மரப்படகில் இதனால் பலகை இணைப்புகள் விட்டு நீர் கசியும். என் கருத்து: நடுத்தரக் காற்றில் மறுபக்கத்துக் கம்பி தொய்யத் தொடங்கும் எல்லையில் நின்றால் போதும். பலத்த காற்றில் அது சற்றுத் தளர்ந்தாலும் குற்றமில்லை, பின்னும் வளையமும் சரியாக இருந்தால்!

600 நியூட்டன் வந்துவிட்டது என்று எப்படி அறிவது? உங்கள் ஆய்வகத்துச் சுரமானி நினைவுக்கு வரவேண்டும். இழுத்துக் கட்டிய கம்பியின் அதிர்வெண், இழுவிசையின் வர்க்கமூலத்துக்கு நேர்விகிதத்தில் இருக்கும். 2.5 மி.மீ. எஃகு முறுக்குக்கம்பி மீட்டருக்கு 31 கிராம் நிறையுள்ளது. இதில் 600 நியூட்டன் இழுவிசை இருந்தால் அலையின் வேகம் வினாடிக்கு 139 மீட்டர். அதிரும் பகுதி 2.4 மீட்டர் என்றால் அதிர்வெண் 29 ஹெர்ட்ஸ். காதுக்கு எட்டும் எல்லையின் அடித்தட்டில் ஒரு முனகல். அதோடு வர்க்கமூலம் நமக்கு எதிராக வேலை செய்கிறது: இழுவிசையில் 10 சதவீதம் தவறினால் அதிர்வெண்ணில் 5 சதவீதந்தான் மாறும். வீணைக்குச் சுருதி சேர்க்கும் காது எல்லோருக்கும் வாய்க்காதே! ஆனால் இரண்டு பக்கக் கம்பிகளையும் மாறி மாறித் தட்டி, ஒரே குரலா என்று ஒப்பிட இது நல்ல வழி.

அளப்பதற்குக் கருவி உண்டு. கொடிக்கயிற்றின் கணக்கைத் திருப்பிப் போட்டதுதான் அந்தக் கருவி. கம்பியில் 30 செ.மீ. தூரத்தை இரு உருளைகளால் பிடித்துக்கொண்டு, நடுவே 50 நியூட்டன் விசையால் பக்கவாட்டில் தள்ளினால், 600 நியூட்டன் இழுவிசையுள்ள கம்பி 6 மி.மீ. போல விலகும். இழுவிசை அதிகமானால் விலகல் குறையும். கம்பிக்கே சிறிது விறைப்பு இருப்பதால் ஒவ்வொரு பருமனுக்கும் தனி அளவுக்கோடு போட்டிருப்பார்கள்.

இன்னொரு சுவையான கணக்கு. இந்தக் கம்பி 4.86 மீட்டர் நீளமுள்ளது. 600 நியூட்டன் இழுக்கும்போது அது 5 அல்லது 6 மி.மீ. மட்டுமே நீள்கிறது. அப்படியானால் கம்பியின் நீளத்தை ஓரிரு மில்லிமீட்டர் நுட்பத்தோடு சரிசெய்ய வேண்டும். வெறும் துளைகள் உள்ள தகடு இதற்குப் போதாது. துளைகளை அவ்வளவு நெருக்கமாகப் போட்டால் தகடு பிய்ந்துவிடும். தீர்வு என்ன தெரியுமா? உங்கள் வெர்னியர் அளவிதான். உள்தகட்டின் துளை இடைவெளியும் வெளித்தகட்டின் துளை இடைவெளியும் சற்றே வேறுபடும். எந்த இரண்டு துளைகள் நேராக வருகின்றனவோ அவற்றில் பின்னைச் செருகினால், இடைவெளியைவிட மிகச் சிறிய மாற்றங்களைச் செய்துகொள்ளலாம். பெரிய படகுகளில் இந்த வேலையை, ஒருமுனை வலம்புரி, மறுமுனை இடம்புரி மரையுள்ள டர்ன்பக்கிள் செய்கிறது.

சிறு படகில் நடைமுறை இதுதான். பக்கக் கம்பிகளின் நீளத்தை முதலில் பின்னால் நிர்ணயித்துவிடுகிறார்கள். பிறகு முன்பாயை ஏற்றும் கயிற்றைக் கப்பியின் உதவியால் பலமாக இழுத்துக் கட்டுகிறார்கள். முன்பாயின் விளிம்பில் தைத்திருக்கும் கம்பி பாய்மரத்தை முன்னே இழுக்க, மூன்று கால்களும் ஒருங்கே இறுகிவிடும். அதன்பின் முன்கம்பிக்குப் பெரும்பாலும் ஓய்வுதான்.

சாய்வு

பக்கக் கம்பிகளின் நீளம் இன்னொன்றையும் தீர்மானிக்கிறது: பாய்மரம் எவ்வளவு பின்னோக்கிச் சாய்ந்து நிற்கும் என்பது. 1 பாகை சாய்த்தால் 6 மீட்டர் உயரத்திலுள்ள உச்சி 10 செ.மீ.க்குமேல் பின்னுக்குப் போகும். உச்சிக்கு ஓர் அளவுநாடாவை ஏற்றி அமரத்தின் நடுவுக்கு இழுத்து அளந்தால் 4 செ.மீ. குறைந்திருக்கும். கோணமானி எதற்கு?

பாய் பின்னுக்குப் போனால் அதன் விசையும் நடுப்பலகைக்குப் பின்னே போகும். படகின் முன்முனை தானாகக் காற்றை நோக்கித் திரும்பப் பார்க்கும். இது சிறிதளவு இருப்பது நல்லது. ஓட்டுபவர் மயங்கிச் சுக்கானை விட்டாலும் படகு காற்றை எதிர்த்து நின்றுவிடும், எங்கோ ஓடிப்போகாது. அளவு மிஞ்சினால் சுக்கானை எப்போதும் ஒருபுறம் இழுத்துப் பிடிக்க வேண்டியிருக்கும். கோணலாக நிற்கும் சுக்கான் நீரில் தடையாகிறது.

வளைவு

நான் மிகவும் வியந்தது இதைத்தான். பாய் தட்டையான துணியன்று. காற்றில் அது ஒரு வளைந்த இறக்கை. 2 மீட்டர் அகலமுள்ள இடத்தில் அதன் உட்குழிவு 20 செ.மீ. இருக்கலாம். மென்காற்றில் இந்தக் குழிவு வேண்டும். பலத்த காற்றிலோ அது படகைச் சாய்க்கும் சுமை. ஓடும் படகில் பாயைத் தையற்காரரிடம் கொடுத்துத் திருத்த முடியுமா? முடியாது. பாய்மரத்தை வளைக்கிறார்கள்!

பாய்மரத்தின் நடுப்பகுதியை முன்னோக்கி வளைத்தால் பாயின் முன்விளிம்பு முன்னே போகும். துணி இழுபட்டுத் தட்டையாகும். எத்தனை செ.மீ. வளைக்க வேண்டும்? குழிவு குறைவான வில்லின் நீளம், நாணைவிட 8d²/3c அளவு அதிகம். D குழிவு, c நாணின் நீளம். c = 200, d = 20 என்று போடுங்கள். அதிகமாக உள்ள துணி 5.3 செ.மீ. மட்டுமே! கைநிறையக் குழிந்து நிற்கும் பாயில் உபரித்துணி மூன்று விரற்கடைதான். ஆகவே பாய்மரத்தை 3 செ.மீ. முன்னே வளைத்தால் உபரி 2.3 ஆகிவிடும். சூத்திரத்தைத் திருப்பிப் போட்டால் புதிய குழிவு 13 செ.மீ. மூன்று செ.மீ. வளைவு ஏழு செ.மீ. குழிவைத் தின்றுவிட்டது.

வளைப்பது யார்? மறுபடியும் அதே பக்கக் கம்பிகள். பாய்மரத்தின் நடு உயரத்தில் இருபுறமும் கை நீட்டியதுபோல் ஸ்ப்ரெடர் என்னும் குட்டைக் குழாய்கள் உண்டு. கம்பி இவற்றின் நுனி வழியாகச் செல்கிறது. குழாய்கள் சற்றுப் பின்னோக்கிச் சாய்ந்திருந்தால், கம்பி இறுகும்போது நேராகப் பார்க்கும். நுனியை முன்னே தள்ளும். பாய்மரத்தின் நடுவும் முன்னே போகும். பாயை ஏற்றும் கயிற்றை உச்சியிலிருந்து பாய்மரத்தின் அடிப்பகுதிக்கு நாண்போல் இழுத்துப் பிடித்து, நடுவில் எவ்வளவு இடைவெளி என்று அளந்தால் வளைவு தெரிந்துவிடும்.

இறுக்கம், சாய்வு, வளைவு என்ற மூன்றும் தனித்தனியல்ல என்பதைக் கவனித்திருப்பீர்கள். ஒரு பின்னை ஒரு துளை மாற்றினால் மூன்றுமே மாறும். டோக்கியோ ஒலிம்பிக் போட்டிகளில், 2021இல், சென்னையைச் சேர்ந்த கே.சி. கணபதியும் வருண் தாக்கரும் ஓட்டிய ஃபார்ட்டிநைனர் வகைப் படகில் கம்பிகள் இன்னும் அதிகம். அவற்றைக் காற்றுக்கேற்ப இத்தனை சுற்று என்று எண்ணித் திருகுவார்கள். குறிப்பேடு இல்லாமல் இந்த வேலை நடக்காது. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்று, மாற்றியதை எழுதிவை என்று ஆய்வகத்தில் நாங்கள் கத்துவது இங்கேயும் பொருந்தும்.

கணக்கில் வராத ஒரு செய்தியையும் சொல்லிவிடுகிறேன். பாய்மரமும் கம்பிகளும் மின்சாரத்தை நன்றாகக் கடத்தும். பாய்மரத்தை நிமிர்த்தும் முன்பும், கரையில் படகைத் தள்ளிச் செல்லும் முன்பும், தலைக்குமேல் மின்கம்பி போகிறதா என்று அண்ணாந்து பாருங்கள். பின் கழன்றால் நனைவதோடு போயிற்று. இது அப்படியல்ல.

செய்து பாருங்கள்

படகு இல்லாமலே இந்தப் பாடத்தைச் சோதிக்கலாம். ஒரு பலகையைச் சுவரில் செங்குத்தாகச் சாத்தி, ஒன்றின் கீழ் ஒன்றாக 30 செ.மீ. தூரத்தில் இரண்டு ஆணிகள் அடியுங்கள். ஒரு சிறு வளையத்தில் ஒரே மாதிரியான இரண்டு ரப்பர் வளையங்களைக் கோத்து, ஒன்றை மேல் ஆணியிலும் மற்றதைக் கீழ் ஆணியிலும் மாட்டுங்கள். இரண்டும் நன்றாக நீண்டிருக்க வேண்டும். இல்லையென்றால் ஆணிகளை இன்னும் தள்ளி அடியுங்கள். வளையத்திலிருந்து ஒரு காகிதக் குவளையைத் தொங்கவிடுங்கள். வளையத்தின் பின்னால் பலகையில் வரைதாள் ஒட்டியிருக்கட்டும்.

வளையந்தான் பாய்மரம். மேல் ரப்பர் காற்று வரும் பக்கத்துக் கம்பி. கீழ் ரப்பர் மறுபக்கத்துக் கம்பி. குவளையில் ஒரே வகை நாணயங்களை ஒவ்வொன்றாகப் போட்டு, ஒவ்வொரு முறையும் வளையம் இறங்கிய இடத்தைக் குறியுங்கள். நாணயங்களின் எண்ணிக்கையை x அச்சிலும் இறக்கத்தை y அச்சிலும் வைத்து வரைபடம் போடுங்கள். ரப்பர் எஃகைப் போல ஒழுங்கானதன்று; ஆகவே கோடு முற்றிலும் நேராக வராது. ஆனாலும் ஓர் இடத்தில் அது சட்டென்று செங்குத்தாகத் திரும்பும். அந்த நாணயத்தைப் போட்டபோது கீழ் ரப்பர் எப்படி இருந்தது என்று பார்த்து வரைபடத்தின் பக்கத்திலேயே எழுதிவையுங்கள். பிறகு ஆணிகளின் தூரத்தை 5 செ.மீ. கூட்டி மறுபடி செய்யுங்கள். திருப்பம் எத்தனை நாணயம் தள்ளிப் போகிறது?